வரைகிறவள், வரையப்படுகிறவள்: நுண்கலைப் பட்டப்படிப்பை வாசித்தல்

லண்டன் ராயல் அகாதெமியை 1768ல் தொடங்கியவர்களில் இரண்டு பெண்கள் உண்டு. ஆஞ்சலிகா காஃப்மன், மேரி மோஸர். இருவரும் அந்தக் காலத்திலேயே பெயர்பெற்ற ஓவியர்கள். சில ஆண்டுகள் கழித்து, 1771–72ல், யோஹான் ஸோஃபனி அகாதெமி உறுப்பினர்களை ஒரே படத்தில் சேர்த்து வரைந்தார். லைஃப் வகுப்பு நடக்கும் அறை அது. ஆடையற்ற ஆண் மாடல், விளக்கு வெளிச்சம், சுற்றிலும் பேசிக்கொண்டும் பார்த்துக்கொண்டும் நிற்கும் ஆண்கள். காஃப்மனும் மோஸரும் அந்தக் கூட்டத்தில் இல்லை. சுவரில் இரண்டு உருவப்படங்களாகத் தொங்குகிறார்கள். ஆடையற்ற உடல் இருக்கும் அறைக்குள் பெண் வரக்கூடாது என்பது விதி. உறுப்பினரை விட்டுவிடவும் முடியாது. அதனால் ஆளை வெளியே நிறுத்திவிட்டு முகத்தை மட்டும் மாட்டிவைத்தார்கள்.

நுண்கலைப் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் இந்தப் படத்தை எங்களுக்குக் காட்டினார்கள். கூட்டத்தை எப்படி அடுக்கியிருக்கிறார், வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்பது பாடம். சுவரில் இருக்கும் இரண்டு பெண்களைப் பற்றி வகுப்பில் பேச்சே வரவில்லை. அவர்கள் யார் என்பதை நூலகத்தில் தேடித்தான் தெரிந்துகொண்டேன். கல்லூரியின் பெயரை இங்கே நான் சொல்லப்போவதில்லை. எந்தக் கல்லூரி என்பது இந்தக் கட்டுரைக்கு முக்கியமில்லை. ஒரு நாவலையோ திரைப்படத்தையோ விமர்சிப்பதுபோல ஒரு பாடத்திட்டத்தையும் விமர்சிக்க முடியும். அதற்கும் ஒரு கதைசொல்லி உண்டு, நாயகன் உண்டு, பேசாமல் வந்துபோகும் பாத்திரங்கள் உண்டு. நான்கு ஆண்டுகள் நான் உள்ளேயிருந்து படித்த அந்தப் பிரதியைத்தான் இங்கே வாசிக்க நினைக்கிறேன்.

முதலில் லைஃப் வகுப்பு. ஓவியம், சிற்பம் படிக்கிறவர்களுக்கு அதுதான் இலக்கணம். எலும்பு எங்கே முட்டுகிறது, எடை எந்தக் காலில் விழுகிறது, தோள் சாய்ந்தால் இடுப்பு என்ன செய்கிறது என்பதையெல்லாம் உயிருள்ள உடலைப் பார்த்தே கற்க வேண்டும். ஐரோப்பாவில் சில நூற்றாண்டுகளாகப் பெரிய ஓவியம் என்றால் புராணமும் வரலாறும். அதில் உடல்கள் நிறைந்திருக்கும். உடலை வரையத் தெரியாதவர் பூவும் பழமும் முகமும் வரையலாம். அவற்றுக்கு மதிப்பு குறைவு. 1971ல் லிண்டா நோக்லின், மகத்தான பெண் ஓவியர்கள் ஏன் இல்லை என்ற கேள்வியைத் தலைப்பாக வைத்து எழுதிய கட்டுரை இந்த இடத்தைத்தான் தொட்டது. பெண்ணிடம் மேதைமை இருந்ததா என்று தேடுவதை விட்டுவிட்டு, அவளுக்குப் பயிற்சி கிடைத்ததா என்று பார்க்கச் சொன்னது. மருத்துவ மாணவிக்குப் பிண அறுவை அறையை மூடிவிட்டு, நல்ல பெண் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஏன் இல்லை என்று கேட்டால் எப்படி இருக்கும்? இதுவும் அப்படித்தான்.

அந்தக் கதவு திறந்ததே தந்திரத்தால்தான். 1860ல் லாரா ஹெர்ஃபோர்டு தன் முதற்பெயருக்குப் பதில் முதலெழுத்தை மட்டும் போட்டு ராயல் அகாதெமிப் பள்ளிக்கு வரைபடங்களை அனுப்பினார். ஆண் என்று நினைத்து எடுத்துக்கொண்டார்கள். சேர்ந்த பிறகும் லைஃப் வகுப்பு கிடைத்துவிடவில்லை. மாணவிகள் திரும்பத் திரும்ப மனுக் கொடுத்து, 1893ல்தான் பாதி மறைத்த மாடலை வரைய அனுமதி வந்தது. பாரிஸின் எக்கோல் தே போஸார் 1897ல்தான் பெண்களைச் சேர்த்தது. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்குச் சற்று மேல் கழித்து அங்கே படிக்கப் போனவர் அம்ரிதா ஷெர்கில். அவருடைய கையில் தெரியும் உறுதிக்குப் பாரிஸில் வரைந்த எண்ணற்ற உடல் ஆய்வுகளும் காரணம். அவருக்கு முந்தைய தலைமுறை மாணவிகள் கெஞ்சிப் பெற்ற அறை அது.

இங்கேதான் என் கேள்வி தொடங்குகிறது. கதவு திறந்துவிட்டது. இன்று நம் கல்லூரிகளில் பெண்கள் விண்ணப்பிக்கலாம், நுழைவுத்தேர்வு எழுதலாம், சேரலாம். லைஃப் வகுப்பில் டாங்கி பெஞ்சில் பையன்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வரையலாம். அப்படியென்றால் பிரச்சினை தீர்ந்ததா? சேர்க்கைப் பட்டியலை மட்டும் பார்த்தால் தீர்ந்தது. உள்ளே போன பிறகு யார் எங்கே உட்காருகிறார் என்று பார்த்தால் இல்லை.

முதலாம் ஆண்டு எல்லோருக்கும் பொது. அதன்பின் துறை பிரிப்பார்கள். மண், மரம், பிளாஸ்டர் எதுவும் எனக்குக் கை வந்தது. சிற்பம் கேட்டேன். "கல்லு, வெல்டிங், தூக்குறது எறக்குறது… உனக்கு எதுக்கும்மா? டெக்ஸ்டைல் போ, வீட்லயிருந்தே வேலை பாக்கலாம்" என்றார் ஓர் ஆசிரியர். மகளுக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார், அக்கறையோடு. அந்த அக்கறைதான் விமர்சிக்கப்பட வேண்டியது. கடுமையாக மறுத்தால் சண்டை போடலாம். வாஞ்சையாக வழிமாற்றினால் நன்றி சொல்லிவிட்டு வர வேண்டியிருக்கும். நான் சிற்பமே வேண்டும் என்று எழுதிக்கொடுத்தேன், கிடைத்தது. என்னோடு அதே ஆசையில் இருந்த இரண்டு தோழிகள் வேறு துறைக்குப் போனார்கள்.

இந்த அக்கறைக்கு நீண்ட வம்சாவளி உண்டு. ஜெர்மனியில் 1919ல் தொடங்கிய பௌஹௌஸ் பள்ளி, ஆண் பெண் பேதமில்லை என்று அறிவித்தே கதவைத் திறந்தது. பெண்கள் நிறையப்பேர் வந்து சேர்ந்ததும் நிர்வாகம் பயந்தது. பெரும்பாலான பெண்களை நெசவுப் பட்டறைக்குத் திருப்பிவிட்டது. கண்ணாடி வேலை கற்க விரும்பிய ஆனி ஆல்பர்ஸும் அப்படித்தான் தறிக்கு வந்தார். பிறகு அந்தத் தறியிலிருந்தே நவீனக் கலையின் ஒரு பெரிய அத்தியாயத்தை நெய்தார். 1949ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. இதைச் சொன்னதும், "பார், நெசவுக்கு அனுப்பியது நல்லதுக்குத்தானே" என்பார்கள். இல்லை. அவர் பெரியவரானது அவருடைய உழைப்பால். அனுப்பியவர்களின் நோக்கத்துக்கு அதில் பங்கில்லை.

நம் ஊருக்கு வருவோம். சென்னையில் இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக இருப்பது 1850ல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி. தொழிற்கலைகளைக் கற்றுக்கொடுப்பதற்கு முக்கியத்துவம் தந்த இடம். கைவினை அதன் வேரில் இருக்கிறது. அங்கே முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. அதற்கான பணத்தில் ஒரு பெரும்பகுதி ஓவியர்களே பாத்திக் முதலிய கைவினைப் பொருள்கள் செய்து விற்றதில் வந்தது. தமிழ்நாட்டு நவீன ஓவியத்தின் பெருமைக்குரிய கதை இது, சந்தேகமில்லை. ஆனால் கதையைச் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். ஆண் ஓவியர் துணியில் மெழுகு ஊற்றினால், அது சுதந்திரமான கலைக்காக அவர் செய்த தியாகம். ஒரு பெண் அதையே துறையாக எடுத்துப் படித்தால், அது பெண்களுக்கு ஏற்ற கோர்ஸ். துணியும் அதேதான், மெழுகும் அதேதான். செய்கிற கை மாறியதும் விலை மாறுகிறது.

இந்த விலைப்பட்டியலை உடைத்த பெண்கள் இருக்கிறார்கள். பரோடாவில் படித்த மிருணாளினி முகர்ஜி சணல் கயிற்றை முடிச்சுப் போட்டுப் போட்டு, ஆளுயரத்துக்கும் மேலான தெய்வங்கள் போன்ற உருவங்களை எழுப்பினார். ஷீலா கௌடா ஊசிகளில் கோத்த நூலைக் குங்குமத்தால் சிவக்கவைத்துக் கயிறாகத் திரித்து, அறை முழுக்க ஓடவிட்டார். மாட்டுச் சாணத்தையும் எடுத்துக்கொண்டார். நூல், ஊசி, குங்குமம், சாணம் எல்லாம் வீட்டுவேலை என்று ஒதுக்கப்பட்ட பொருள்கள். அவற்றைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் வேறுபாடு. என் எதிர்ப்பு டெக்ஸ்டைல் துறைமீது இல்லை. ஒரு பெண் தறிக்குப் போவதற்கு முன்னால் உளியும் வெல்டிங் டார்ச்சும் அவள் கைக்கு வந்திருக்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

அடுத்தது நேரம். சிற்பம் மணி பார்த்து வேலை செய்யாது. களிமண் காய்வதற்குள் முடிக்க வேண்டும், பிளாஸ்டர் கலக்கினால் இறுகுவதற்குள் ஊற்ற வேண்டும். டிஸ்ப்ளேவுக்கு முந்தைய வாரம் பையன்கள் ஸ்டூடியோவிலேயே படுத்துக்கொள்வார்கள். சீனியர்கள் உடனிருப்பார்கள். அர்மேச்சர் ஏன் சரிகிறது, மோல்டு ஏன் ஒட்டிக்கொள்கிறது என்ற ரகசியமெல்லாம் அந்த ராத்திரியில், டீ குடிக்கும் நேரத்தில்தான் கைமாறும். எங்களுக்கு ஆறரைக்கு விடுதிக் கதவு. வீட்டிலிருந்து வந்த பெண்களுக்கு அதற்கும் முன்னால் பஸ். பாடத்திட்டத்தில் எழுதியிருக்கும் மணிகள் எல்லோருக்கும் சமம். எழுதப்படாத மணிகள்தான் ஒருவரைச் சிற்பியாக்குகின்றன. அவை எங்களுக்குக் கிடைக்கவில்லை. விடுதி நேரக்கட்டுப்பாட்டுக்கு எதிராக 2015ல் டெல்லி மாணவிகள் பிஞ்சரா தோட் என்ற இயக்கத்தைத் தொடங்கியபோது அதை ஒழுக்கப் பிரச்சினையாகவே பலரும் பேசினார்கள். நுண்கலை மாணவிக்கு அது நேரடியாகப் பாடப் பிரச்சினை. மதிப்பெண் பிரச்சினை.

அவுட்டோர் ஸ்டடியும் இப்படித்தான். சந்தையிலும் பஸ் ஸ்டாண்டிலும் மீன்பிடித் துறையிலும் உட்கார்ந்து வரைந்து வா என்பார்கள். ஒரு பையன் நடைமேடையில் சம்மணம் போட்டு இரண்டு மணி நேரம் உட்காரலாம். ஒரு பெண் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் பின்னால் கூட்டம் கூடும். அவள் பார்க்க வந்தவள், பார்க்கப்படுகிறவள் ஆகிவிடுவாள். அதனால் நாங்கள் ஓரமாக, சுவரில் முதுகைச் சாய்த்து, சீக்கிரம் கோடு போட்டுவிட்டு எழுந்து வந்தோம். ரிவ்யூவில் அந்தத் தாள்களைப் பார்த்தவர்கள், பெண்களின் கோட்டில் துணிச்சல் இல்லை என்றார்கள். அந்தக் கோடு எந்த இடத்தில் உட்கார்ந்து, எத்தனை நிமிடத்தில் போடப்பட்டது என்பது தாளில் தெரியாது. விமர்சகருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ரிவ்யூவின் மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பையன் உடைந்த நாற்காலியைச் செய்துவைத்தால் அதிகாரம், நகரம், வெறுமை என்று பேச்சு நீளும். அதே நாற்காலியை ஒரு பெண் செய்தால், "வீட்ல எதாவது பிரச்சனையாம்மா?" என்று கேட்பார்கள். அவனுடைய வேலை உலகத்தைப் பற்றியது, அவளுடையது அவளைப் பற்றியது. இப்படி வாசிக்கப்பட்டுப் பழகிய பெண், அடுத்த வேலையைச் செய்யும்போதே எதைச் சொன்னால் என்ன கேட்பார்கள் என்று கணக்குப் போடுகிறாள். கை தயங்குகிறது. மதிப்பெண் குறைந்ததைவிடப் பெரிய இழப்பு அந்தத் தயக்கம்.

இதுவரை நான் பேசியது மாணவியைப் பற்றி. அந்த அறையில் இன்னொரு பெண்ணும் இருக்கிறாள். நோக்லினின் கேள்வியோடு மட்டும் நின்றுவிட்டால் அவள் விடுபட்டுப்போவாள். நடுவில் மேடைமேல் உட்கார்ந்திருக்கும் மாடல் அவள்.

எங்கள் வகுப்புக்கு வந்த அம்மாவுக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். புடவையோடுதான் உட்காருவார். நாள்கூலி. வேலை இருக்கும் நாளில் மட்டும் கூப்பிடுவார்கள், விடுமுறையில் ஒன்றுமில்லை. "சும்மா உக்காந்திருக்க காசான்னு கேக்குறாங்க கண்ணு. அவுங்கள ஒரு மணி நேரம் அசையாம உக்காரச் சொல்லு பாப்போம்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். கால் மரத்துப்போவது, இடுப்பில் வலி ஏறுவது, எறும்பு ஊர்ந்தாலும் கையை எடுக்காமலிருப்பது எல்லாம் திறமைதான். எங்கள் பட்டத்தில் அவர் உழைப்பு கலந்திருக்கிறது. எங்கள் தாள்களின் கீழே எங்கள் பெயரும் தேதியும் இருந்தன. அவரைக் குறிக்க "லைஃப் ஸ்டடி" என்று மட்டும் எழுதுவது வழக்கம்.

வரலாற்றில் இந்த மேடையிலிருந்து இறங்கி வந்து தூரிகை எடுத்தவர் ஒருவர் உண்டு. சூசான் வலடோன், 1865ல் பிறந்தவர். தாய் சலவைத் தொழிலாளி. ரெனுவார், துலூஸ் லோத்ரெக் போன்றவர்களுக்கு மாடலாக உட்கார்ந்தவர். கலைப்பள்ளிக்குப் போக வசதியில்லை. மாடலாக இருந்தபடியே ஓவியர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்த்துக் கற்றார். அவர் 1923ல் வரைந்த நீல அறை என்ற படத்தில் ஒரு பெண் கட்டிலில் சாய்ந்திருக்கிறாள். காலங்காலமாக ஆடையற்ற அழகிகள் சாய்ந்துகிடந்த அதே தோரணை. இவளோ கோடுபோட்ட கால்சட்டை போட்டிருக்கிறாள், வாயில் சிகரெட், பக்கத்தில் புத்தகங்கள். யாருக்காகவும் போஸ் கொடுக்கவில்லை. மேடைமேல் பல ஆண்டுகள் உட்கார்ந்த ஒருத்திக்குத்தான் அந்தத் தோரணையை இப்படிக் கலைக்கத் தெரியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தியாவில் இந்தப் பெண்ணை நடுவில் வைத்து 2018ல் ஒரு மராத்தித் திரைப்படம் வந்தது. ரவி ஜாதவ் இயக்கிய நியூட். மகனைப் படிக்கவைப்பதற்காக மும்பை ஜே.ஜே. கலைப்பள்ளியில் ரகசியமாக மாடலாகும் ஏழைத் தாயின் கதை. 2017 கோவா திரைவிழாவின் இந்தியன் பனோரமா பிரிவுக்குத் தேர்வான அந்தப் படத்தை மத்திய அமைச்சகம் பட்டியலிலிருந்து எடுத்தது. ஆடையற்ற பெண் உருவங்கள் நம் அருங்காட்சியகங்களிலும் கோயில்களிலும் இருக்கின்றன. அவற்றுக்காக உட்கார்ந்த பெண் வாய் திறந்து பேசும் கதைதான் சங்கடமாகிறது. கெரில்லா கேர்ள்ஸ் என்ற குழு 1989ல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் எண்ணிப் பார்த்தது. நவீனக் கலைப் பிரிவில் ஓவியர்களில் பெண்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆடையற்ற உருவங்களில் 85 சதவீதம் பெண்கள். பெண் மாணவி ஓவியராவது முதல் எண்ணை மாற்றும். மாடலுக்கும் மாணவிக்கும் இடையே உள்ள சாதி, வர்க்கத் தூரத்தை அது தானாக மாற்றிவிடாது. பெண்ணியம் லைஃப் வகுப்புக்குள் வரும்போது பெஞ்சில் இருப்பவளுக்காக மட்டும் வந்தால் போதாது.

பட்டம் வாங்கிய பிறகு என்ன? டி.கே. பத்மினியை நினைத்துக்கொள்கிறேன். கேரளத்தின் பொன்னானிப் பகுதியிலிருந்து வந்து 1960களின் முற்பகுதியில் சென்னையில் பணிக்கரிடம் படித்தவர். பெண் உடல்களை, மரங்களோடும் இருட்டோடும் கலந்து, வேறு யாரும் வரையாத விதத்தில் வரைந்தவர். 1969ல், 29 வயதில், பிரசவத்தில் இறந்துபோனார். அவரோடு சென்னையில் படித்த ஆண்களின் பெயர்கள் தமிழ் வாசகருக்குப் பழக்கம். பத்மினியின் பெயரை என் நான்கு ஆண்டுப் படிப்பில் எந்த வகுப்பிலும் நான் கேட்கவில்லை. இறப்புக்குக் கல்லூரி பொறுப்பில்லை. மறப்புக்குப் பாடத்திட்டம் பொறுப்பு.

என் வகுப்புப் பெண்களில் சிலர் பள்ளிகளில் ஓவிய ஆசிரியர்கள். ஒருத்தி கல்யாண மண்டபங்களுக்கு மேடை அலங்காரம் வடிவமைக்கிறாள். இருவர் வரைவதை நிறுத்திவிட்டார்கள். நான் காலையில் பள்ளியில் பாடம் எடுத்துவிட்டு, மாலையில் மாடிப்படிக்குக் கீழே இரண்டு முழ இடத்தில் களிமண் பிசைகிறேன். பெரிதாகச் செய்ய இடமில்லை, அதனால் கையடக்கமாகச் செய்கிறேன். சிறிய வேலைகளைப் பார்த்து யாராவது பெண்மையின் நுட்பம் என்று எழுதினால், வாடகை ரசீதைக் காட்டுவேன்.

இந்தப் படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் கைக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே கற்றது. அதனால்தான் அதை விமர்சிக்கிறேன். இந்த ஆண்டு சேரப்போகும் தங்கைகளுக்குச் சில கேள்விகளை மட்டும் கொடுத்துவிடுகிறேன். துறை பிரிக்கும்முன் எல்லாப் பட்டறைகளிலும் எங்களுக்கும் சம நாள் உண்டா? ஸ்டூடியோ எத்தனை மணிவரை திறந்திருக்கும், விடுதி எத்தனை மணிவரை? கலை வரலாற்றுத் தாளில் எத்தனை பெண்கள், அதில் தென்னிந்தியர் எத்தனை பேர்? மாடலாக வருபவருக்குக் கூலி எவ்வளவு, இடைவேளை எப்போது, உடை மாற்றத் தனி அறை உண்டா? இவற்றை முதல் வாரத்திலேயே, நாலைந்து பேராகச் சேர்ந்து, எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை வரைந்துகொண்டே இருங்கள். தாளின் கீழே உங்கள் பெயரோடு, சம்மதம் கேட்டுக்கொண்டு, உட்கார்ந்தவரின் பெயரையும் எழுதுங்கள்.